இரண்டாம் தரம் கேட்டவர்

பித்தளை வளையல் சுண்ணாம்புச் சுவரில் படும் சத்தம் இடத்துக்கு இடம் மாறும். வாசலை ஒட்டிய நடையில் தட்டினால் கணீரென்று கேட்கும். கூடத்துக்குள் வந்துவிட்டால் கொஞ்சம் அடங்கிக் கேட்கும். அடுப்பங்கரைச் சுவரில் புகையும் பிசுக்கும் ஏறியிருந்ததால் அங்கே வெறும் 'தப் தப்'தான். என் பெரியக்கா அஞ்சலாட்சி வலது கையில் இரண்டு பித்தளை வளையல்களைப் போட்டுக்கொண்டு, அந்தக் கையால் சுவரை லேசாகத் தட்டியபடியே வீடு முழுக்க நடமாடுவாள். நாலு வயதில் பெரியம்மை போட்டு அவளுக்கு இரண்டு கண்களும் போய்விட்டன. "மாரியாத்தா உசுர வுட்டுட்டு கண்ண எடுத்துக்கிட்டா" என்று அம்மா சொல்வாள், ஏதோ பேரம் படிந்துவிட்டதைப்போல. கண்ணாடி வளையல் போட்டால் நாளுக்கு ஒன்று உடைகிறதென்று அப்பாதான் பித்தளையில் வாங்கிக் கொடுத்தார்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கி மூன்று வருடம் ஆகியிருந்த சமயம் அது. முத்தியால்பேட்டையில் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு மில்லில் வேலை. நாங்கள் மூன்று பெண்கள். பெரியக்காவுக்குப் பதினேழு, சின்னக்கா சரோஜாவுக்குப் பதினாறு, எனக்குப் பத்து. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் நான் படித்தேன். அவர்களை நாங்கள் 'மாசேர்' என்று கூப்பிடுவோம். என் தமிழ்க் கையெழுத்து அச்சுப்போல இருக்கிறதென்று ஒரு மாசேர் வகுப்பில் தூக்கிக் காட்டியதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் யாருக்குக் கடுதாசி எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

பெரியக்காவைப் பாவமென்று நினைத்துக்கொண்டு யாராவது பக்கத்தில் வந்தால் அவ்வளவுதான். "அய்யோ, இந்தப் புள்ளைக்கு இப்படி ஆயிடுச்சே" என்று ஒரு கிழவர் உச்சுக் கொட்டியபோது, "உங்களுக்குக் காது மந்தம்னு நான் உச்சுக் கொட்டுனனா தாத்தா?" என்று கேட்டுவிட்டாள். மில்லில் சங்கு ஊதி எத்தனை நேரமாயிற்று, வாசலில் நிற்பது யார், பாலில் எவ்வளவு தண்ணீர் என்று எல்லாம் சொல்வாள். ஆனால் தெருவில் இறங்கினால் அவளுக்குச் சுவர் கிடையாது; என் தோள்தான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது வளையல் போட்ட கை என் தோளில் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பெண்கள் எனக்குக் 'கோலு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "தோ, கோலு வருது பாருடி" என்பார்கள். குருடியின் கைக்கோல் என்று அர்த்தம். அவர்கள் கண்ணில் படாமலிருக்க நான் சந்து சந்தாகச் சுற்றி அவளை அழைத்துப் போவேன். "இன்னாடி, கோயில தூக்கித் தள்ளி வெச்சுட்டாங்களா? இம்மாந்தூரம் நடக்குறோம்" என்பாள். அவளுக்குக் காரணம் தெரிந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சின்னக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் வீட்டில் புது வழக்கம் ஒன்று வந்தது. "மூத்தவ நிக்கிறப்போ இளையவளுக்கு மாலையான்னு ஊர் சிரிக்கும்" என்பது அம்மாவின் பயம். மூத்தவளைக் கட்டிக்கொள்ள யாரும் வரப்போவதில்லை. மூத்தவள் இருப்பது தெரிந்தால் இளையவளுக்கும் வரமாட்டார்கள். வந்தாலும், அம்மை போட்ட வீடு, கண் போன ரத்தம் என்று கை கழுவிவிட்டுப் போவார்கள். ஆகவே தரகரிடம் எங்கள் வீட்டில் இரண்டே பெண்கள் என்று சொல்லப்பட்டது. தெருவே சேர்ந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றியது. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று எதிர்வீட்டு அம்மாள் தைரியம் சொன்னாள்.

பெண் பார்க்க ஆள் வரும் நாட்களில் பெரியக்காவை நடையை ஒட்டிய சின்ன அறையில், விறகுக்கும் அப்பாவின் பழைய சைக்கிளுக்கும் நடுவில் உட்கார வைத்துக் கதவைச் சாத்துவார்கள். தோட்டத்துப் பக்கம் வைக்க முடியாது, வருகிறவர்கள் அடுப்பங்கரை, கிணற்றடி எல்லாம் பார்ப்பார்கள். அறைக்குள் அனுப்புவதற்கு முன்னால் அம்மா அவளுடைய வளையல்களைக் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொள்வாள். தவறிப்போய் ஒரு சத்தம் வந்துவிட்டால் என்ன செய்வது? வெறுங்கையோடு அவள் நிற்பதைப் பார்த்து முதல் தடவை அம்மா அழுதுவிட்டாள். "சுமங்கலிப் பொண்ணுக்குக் கழட்டுனாத்தான் அழணும். எனக்கு இன்னா, சாயங்காலம் திரும்பப் போட்டுறப் போற" என்று பெரியக்காதான் அவளைத் தேற்றினாள்.

அந்த வருடம் கண்ணில் நீர் வடிந்து பெரியக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, அங்கே மருந்து போட்ட நர்ஸ் ஒருத்தி அவளிடம் தனியாக ஒரு செய்தி சொன்னாள். மதராஸில் கண் தெரியாத பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. விரலால் தடவிப் படிக்கும் எழுத்துச் சொல்லித் தருகிறார்கள், கைத்தொழில் சொல்லித் தருகிறார்கள், தங்கவும் இடம் தருகிறார்கள். அங்கிருந்து ஓர் அம்மாள் ஊர் ஊராக வந்து வீட்டில் ஏறி உட்கார்ந்து, பெற்றவர்களிடம் வாதாடிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார். "அந்தம்மா வந்து ஒக்காந்துட்டாங்கன்னா உங்கப்பாவால மாட்டேன்னு சொல்ல முடியாது. ஆனா பதினெட்டு முடிஞ்சுட்டா சேத்துக்க மாட்டாங்க. சீக்கிரம் எழுது" என்று விலாசத்தைச் சொன்னாள். பெரியக்கா அதை ஒரே தரம் கேட்டு மனதில் எழுதிக்கொண்டாள்.

காகிதத்தில் எழுதியது நான். அப்பா அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், கிணற்றடியில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல, மாசேர் மெச்சிய என் கையெழுத்தில் எழுதினேன். 'எனக்கு வயது பதினேழு. கணக்கை மனதிலேயே போடுவேன். ஒரு முறை கேட்டது மறக்காது. தாங்கள் நேரில் வந்து என் தகப்பனாரிடம் பேச வேண்டும். வராமல் இருந்துவிட வேண்டாம்.' அந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியெல்லாம் பெரியவர்களுக்கு எழுதக்கூடாது என்றேன். "எழுதுடி" என்றாள். கீழே அவள் பெயரை எழுதும்போது பேனாமுள்ளிலிருந்து ஒரு சொட்டு மை அதன் மேல் விழுந்து பரவிவிட்டது. வேறு தாள் இல்லை. பெரியக்கா ஈரம் காயாத வரிகளின் மேல் விரலை வைத்துப் பார்த்து, "எழுத்து இருக்குன்னு தெரியுது. இன்னா எழுத்துன்னுதான் தெரியல. அங்க போயிட்டா அதுவும் தெரியும்" என்றாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஒரு மாதத்துக்குள், நான் மட்டும் இருந்த நேரம் பார்த்ததுபோல ஒரு கார்டு வந்தது. அடுத்த மாதம் புதுச்சேரி வரும்போது அவசியம் வீட்டுக்கு வருவதாக அந்த அம்மாள் எழுதியிருந்தார். அதிலிருந்து பெரியக்கா வாசலில் ரிக்‌ஷா நின்றால் தலையைத் தூக்குவாள். கார்டை நான் இருபது தரமாவது அவளுக்குப் படித்துக் காட்டியிருப்பேன்.

அதே மாதத்தில்தான் மூலக்குளத்திலிருந்து சின்னக்காவுக்கு ஒரு வரன் தகைந்தது. நிலபுலம் உள்ள குடும்பம், பையன் எட்டாவது படித்தவன். நிச்சயம் ஆகி, மாப்பிள்ளையின் அத்தை கல்யாண ரவிக்கைக்கு அளவு வாங்க ஒரு நாள் காலையில் வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். பெரியக்கா விறகு அறையில் இருந்தாள். வளையல்கள் அம்மாவின் முந்தானையில் இருந்தன. என்னை வாசலில் நிறுத்தி அம்மா காதோடு சொன்னாள். "தெருவுல யாராவது உள்ள வந்து எதையாவது ஒளறிவெக்கப் போறாங்க. யாரு வந்தாலும் அப்புறமா வரச் சொல்லு." அம்மா சொன்னது இவ்வளவுதான். இதை நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன், ஏனென்றால் பின்னாளில் அம்மாமேல் பழியைப் போடப் பலமுறை முயன்று பார்த்திருக்கிறேன்.

நான் நின்று கொஞ்ச நேரத்தில் ரிக்‌ஷா ஒன்று வந்து நின்றது. வெள்ளைப் புடவை கட்டி, தோளில் பையும் கையில் குடையுமாக ஓர் அம்மாள் இறங்கினார். நடுத்தர வயது, முகமெல்லாம் வியர்வை. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "பாப்பா, இந்த வீட்ல கண் தெரியாத பொண்ணு ஒருத்தி இருக்காளாமே. அவளைப் பார்க்கத்தான் மதராஸிலேர்ந்து வந்திருக்கேன்" என்றார்.

கூடத்தில் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அத்தை காபி லோட்டாவைக் கையில் பிடித்தபடி வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இடது பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில், விறகு அறையின் கதவு. பலகைகளுக்கு நடுவில் விரல்கடை இடுக்கு உண்டு. அதற்குப் பின்னால் பெரியக்காவின் பாவாடை தெரிந்தது. அவள் எழுந்து கதவருகே வந்து நின்றிருந்தாள்.

'அப்புறமா வாங்க' என்று சொல்லியிருக்கலாம். அம்மா சொல்லிக்கொடுத்ததே அதுதான். நான் கூடத்துக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "எங்க வூட்ல குருடு யாரும் கெடையாது."

பயத்தில் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் படிப்பவர்கள் மன்னித்துவிடுவீர்கள். பயம் இருந்ததுதான். ஆனால் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு கண நேரம் நான் யாருக்கும் கோல் இல்லை, சந்து வழியாகப் போகவேண்டியவள் இல்லை, பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு கல்யாணத்தில் நிற்கப்போகிற பெண், அவ்வளவுதான். 'குருடு' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். அதைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்.

அந்த அம்மாள் சற்று நேரம் நின்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார். கதவுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

அத்தை போனதும் அம்மா கதவைத் திறந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து வளையல்களை எடுத்தாள். "யாருடி அது வாசல்ல?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்குக் கடுதாசி விஷயம் எதுவும் தெரியாதே. "யாரோ வீடு மாறி வந்துட்டாங்க" என்றேன். பெரியக்கா வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். அவள் வெறுங்கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள். அம்மா வளையலைப் போட்டதும் சுவரைத் தட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் கார்டைப் படித்துக் காட்டு என்று அவள் கேட்கவில்லை. ரிக்‌ஷா நின்றால் தலையைத் தூக்கவில்லை. என்னை ஒரு கடுதாசியும் எழுதச் சொல்லவில்லை. திட்டியிருந்தால், அடித்திருந்தால் தேவலை. எப்போதும்போல என் தோளில் கை வைத்துக் கோயிலுக்கு வந்தாள்.

கல்யாணம் நடந்தது. பெரியக்காவை எதிர்வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தபோது இரண்டு நாள் அவளை அங்கேயே வைத்திருப்பதாக ஏற்பாடு. முதல் நாள் மத்தியானமே அவள், "என் வூட்டுக்கு நான் வர்றேன்" என்று தெருவைத் தாண்டித் தன்னந்தனியாக வந்து, நடையில் வளையலைத் தட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சின்னக்கா அழுதாள். மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எங்க பெரியப்பாவுக்கும் ரெண்டு கண்ணும் தெரியாதுங்க" என்றார் பிறகு. "அவருதான் எங்க நெலத்துக்கு மடை திருப்புறவரு. கல்யாணத்தன்னிக்கு நீங்க எதுனா சொல்லுவீங்கன்னு அவரக் கொட்டாயில ஒக்கார வெச்சுட்டு வந்தோம்."

அப்பா சிரித்துவிட்டார். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு குடும்பமும் ஆளுக்கொருவரை ஒளித்துவைத்துச் சம்பந்தம் செய்திருந்தோம். பெரியக்கா மட்டும், "அவருகிட்ட என்னை ஒரு தரம் இட்டுனு போங்க மாமா, ரெண்டு பேரும் உங்க வூட்டையும் எங்க வூட்டையும் நல்லாத் திட்டணும்" என்றாள். அன்றைக்கு அவளே அந்த மதராஸ் பள்ளிக்கூடத்தைப் பற்றி எல்லோர் முன்னாலும் பேசினாள். கடுதாசியையும் வாசலில் நடந்ததையும் சொல்லவில்லை. மாப்பிள்ளை அங்கேயே உட்கார்ந்து எழுதிப் போட்டார். அச்சடித்த காகிதத்தில் பதில் வந்தது: பதினெட்டு வயது நிரம்பியவர்களைச் சேர்ப்பதற்கில்லை. அவளுக்குப் பதினெட்டு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தக் காகிதத்தையும் நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்து, தெருவெல்லாம் கொடி கட்டிய வருடத்தில் பெரியக்காவுக்கு இருபத்திரண்டு. கொண்டாட்டச் சத்தத்தை நடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். விரலால் படிக்கும் எழுத்து அவளுக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் கிடைத்தது. பார்வையற்றோருக்காக ஊரில் சின்னச் சங்கம் ஒன்று தொடங்கியபோது, சொல்லிக்கொடுக்க வந்தவரிடம் நாலே மாதத்தில் கற்றுக்கொண்டாள். அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் தோளில் கையை வைத்துக்கொண்டு, வீட்டில் ஒளித்துவைத்திருக்கும் பிள்ளைகளைத் தேடிப் போனாள். மூலக்குளம், கனகசெட்டிக்குளம் என்று நாங்கள் ஏறாத வாசல் இல்லை. அப்போது நான் பள்ளிக்கூட வாத்தியார். சந்து வழியாகப் போகவில்லை, நடுத்தெருவில்தான் போனேன்; அதில் பெருமை ஒன்றும் இல்லை.

பிள்ளைச்சாவடியில் ஒரு வீட்டு வாசலில் பத்து வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். பெரியக்கா கேட்டதும், "எங்க வூட்ல அப்படி யாரும் இல்ல" என்றாள். நான் திரும்பிப் போகப் பார்த்தேன், பெரியக்கா நகரவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு அந்தப் பெண்ணைத் தாண்டி வீட்டுக்குள் கேட்கும்படி, "சரி தாயி. இன்னொரு தரம் கேக்குறேன். உள்ள மூச்சு வுடுற சத்தம் கேக்குதே, அந்தப் பாப்பா பேரு இன்னா?" என்றாள். வாசலில் நின்ற சிறுமி அழ ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு குரல் தன் பெயரைச் சொன்னது.

திரும்பி வரும் வழியில்தான், முதலும் கடைசியுமாக, அவள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஒரு தரம் கேட்டா யாராயிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லுவாங்க. பயம். அன்னிக்கு அந்தம்மா ஒரே தரம் கேட்டுட்டுப் போயிட்டாங்க. ரெண்டாந்தரம் கேட்டிருந்தா நீ சொல்லியிருப்படி. எனக்குத் தெரியும். அதனாலதான் உன்மேல எனக்குக் கோவமே வரல."

கடற்காற்றில் கண் எரிகிறது என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் 'ரெண்டாந்தரம் கேளு' என்பதுதான் அவள் வேதமாக இருந்தது. சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் முதலில் சொல்வாள். அப்படிக் கேட்டுக் கேட்டு அவள் வெளியே கொண்டுவந்த பிள்ளைகளில் ஒருத்தி இன்று வங்கியில் வேலை பார்க்கிறாள். பெரியக்கா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. முத்தியால்பேட்டை வீட்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். நடையும் இல்லை, விறகு அறையும் இல்லை. பித்தளை வளையல்கள் இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. தட்டிப் பார்க்கத்தான் சுண்ணாம்புச் சுவர் கிடையாது; இப்போதைய சுவரில் எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்.

மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்த அம்மாள் சற்று நேரம் நின்றார் என்று எழுதினேன் அல்லவா? சும்மா நிற்கவில்லை. இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ பார்த்தவர். கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த முகங்களைக் கவனித்துவிட்டு, வாய் திறக்காமல் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். அவர்கள் கண்ணில் படாதபடி அதைத் தாழ்த்திப் பிடித்து என்னிடம் மட்டும் காட்டினார். அது என் கையெழுத்து. மை சிந்திய பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அப்புறம் கையை நீட்டி அடுத்த தெருவைக் காட்டினேன்.

தலையை ஆட்டினால் சத்தம் கேட்காது. கதவுக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவளுக்கு அது தெரியவே இல்லை. பிள்ளைச்சாவடியிலிருந்து நடந்து வந்த அன்றும், அதற்குப் பின் வந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஆஸ்பத்திரியில் அவள் கை என் கையில் கிடந்த கடைசி வாரத்திலும், நான் அவளிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரிதான்.

அந்தம்மா ரெண்டாந்தரமும் கேட்டாங்க, பெரியக்கா.